தொப்பி ஐயாவிடம் என் குடை

என் கோட்டிலிருந்து சாராய வாடை அடிக்கிறது. கூடத்தில் கயிறு கட்டிக் காயப் போட்டிருக்கிறேன். இந்த அடைமழையில் எங்கே காயப்போகிறது? சாராயத்தோடு சுருட்டுப் புகையும் வறுத்த மீனும் சேர்ந்துகொண்டு, வீடே கள்ளுக்கடை போல ஆகிவிட்டது. என் மனைவி ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வந்து நின்றாள். நான் குடிக்கவில்லை என்றேன்.

"பின்ன யாரு குடிச்சாங்களாம்?"

உன் பெயரைச் சொன்னேன்.

"செத்தவங்க மேல பழி போடாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னது உண்மை. நேற்று மாலை உனக்குப் படைத்த சாராயம்தான் என் கோட்டில் தெறித்தது. உயிரோடிருந்த வரைக்கும் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன் நீ. ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாதவன். உனக்குப் போய்ச் சாராயமும் சுருட்டும்! இதையெல்லாம் உட்கார்ந்து உனக்கு எழுதவேண்டிய நிலைமை எனக்கு. நீ போய்ச் சேர்ந்தும் எனக்குத் தொல்லை கொடுப்பதை விடவில்லை.

என் ஆத்திரத்தைச் சொல்லத் தொடங்கினால் குடையிலிருந்துதான் தொடங்கவேண்டும். அந்தப் புயலன்று காலையில் என் வாசலில் வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? வானம் கறுத்துக் கிடந்தது. கடற்கரைப் பக்கம் இரைச்சல் வேறு மாதிரி இருந்தது. நீ நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக நின்றுகொண்டு, "டே பெரிய படிப்பு, ஒங் குடையக் குடுடா" என்றாய். பள்ளிக்கூடத்திலிருந்தே எனக்கு நீ வைத்த பெயர் அது. புயல் காற்றுக்குக் குடை எதற்கு என்று கேட்டேன்.

"எனக்கில்லடா, தொப்பிக்கு. நனைஞ்சா சாயம் போவுது. சாயம் போனா பிரிகாதியே கத்துறாரு. சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடறேன்."

சாதாரணக் குடையா அது? கப்பலில் வந்த குடை. பிரம்புக் கொம்பு, அழகாக வளைந்திருக்கும். நான் அதைக் கீழே வைத்ததுகூடக் கிடையாது. உன் மேலதிகாரியான அந்தப் பிரிகாதியே கத்துவார் என்பதற்காக என் குடையை வாங்கிக்கொண்டு போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு நான் குடை வாங்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டேதான் கோர்ட்டுக்குப் போகிறேன். கஞ்சத்தனம் என்று ஊர் சொல்கிறது. ஊருக்கு என்ன தெரியும்? இன்னொன்று வாங்கிவிட்டால் நீ அந்தக் குடையைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்று ஆகிவிடாதா?

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிரெஞ்சில் கட்டுரை எழுதச் சொன்னால் நீ என் தாளைப் பார்த்து எழுதுவாய். அதையும் ஒழுங்காகப் பார்த்து எழுதமாட்டாய். நான் பரிசு வாங்கினேன், தேர்வில் தேறினேன், பிரெஞ்சுக்காரர் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன் ஆனேன், அன்று உட்கார்ந்த அதே நாற்காலியில் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். உனக்கு எப்படிப் போலீஸ் வேலை கிடைத்தது? நீ உயரமாக இருந்தாய். அவ்வளவுதான். வரிசையில் நிற்க வைத்தார்கள், உன் தலை மேலே தெரிந்தது, சிவப்புத் தொப்பியை எடுத்து வைத்துவிட்டார்கள். நான் படித்த படிப்பையெல்லாம் உன் கால் நீளம் தோற்கடித்துவிட்டது. நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். "சட்டையப் போட்டாச்சு, அப்புறம் என்னாடா?" என்பாய். எதைக் கேட்டாலும் உனக்கு அந்த ஒரே பதில். வெயிலில் ஏன் நிற்கிறாய், பண்டிகை நாளில் ஏன் வேலைக்குப் போகிறாய், உன்னைத் திட்டியவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஏன் காவல் நிற்கிறாய்? சட்டையைப் போட்டாச்சு, அப்புறம் என்ன.

மண்ணாங்கட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், அவன்தானே எல்லாவற்றுக்கும் மூலம். ஆற்றுமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில் திருட்டுச் சாராயம் காய்ச்சி, விற்றதைவிட அதிகமாகக் குடித்தவன். நீ அவனைப் பிடிப்பதும் அவன் வெளியே வருவதும் பருவமழை மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஒருமுறை பானையோடு பிடித்தாய். சாட்சிப் பொருளை நீ தூக்கினால் சட்டை அழுக்காகும் என்று அவன் தலையிலேயே வைத்து நடக்கவைத்தாய். வழியில் வெயில். நீ அவனை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, யாரோ ஒருத்தியின் மாடு வாய்க்காலில் விழுந்துவிட்டது என்று தூக்கிவிடப் போனாய். திரும்பி வந்தபோது பானை காலி. கோர்ட்டில் நீதிபதி சாட்சிப் பொருள் எங்கே என்று கேட்டார். நீ விறைப்பாக நின்று, "உள்ள போயிடுச்சுங்க" என்று மண்ணாங்கட்டியின் வயிற்றைக் காட்டினாய். அதை நான் பிரெஞ்சில் சொல்லவேண்டும்! வாழ்நாள் முழுவதும் ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்காத அந்த நீதிபதி மேசைக்குக் கீழே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் உன்னைக் கடித்துக் குதறினேன். நீயும் அவனும் சேர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். பிடித்தவனும் பிடிபட்டவனும்!

புயலன்று உன்னை, கப்பல் சரக்கு இறக்கும் கடற்பாலத்தடியில் இருந்த சரக்குக் கிடங்குக்குக் காவல் போட்டிருந்தார்கள். என்ன நடந்தாலும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பது உத்தரவு. மதியம் ஆற்றுமுகம் உடைத்துக்கொண்டது. தேங்காய்த்திட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னான். நீ கிடங்குக் கதவைப் பூட்டினாய், பூட்டை இழுத்துப் பார்த்தாய், என் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாய். உன்னோடு காவல் நின்றவன், "உத்தரவு இல்லாம எங்க போற?" என்று கத்தியிருக்கிறான். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று அவன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டுமா?

ஒரு தோணிக்காரனைப் பிடித்துப் போய்ப் போய் வந்தாயாம். பெண்களை, பிள்ளைகளை, கிழவர்களை, கிழவர்கள் விடமாட்டேன் என்று கட்டிப் பிடித்திருந்த ஆடுகளை எல்லாம் மேட்டில் கொண்டுவந்து சேர்த்தாய். கடைசி முறை போனது மண்ணாங்கட்டிக்காக. அவன் வந்தான். நீ வரவில்லை. உன்னைக் கடல் எடுத்துப்போய்ப் பாலத்துக்கு வடக்கே மணலில் போட்டது.

அங்கே கிடைத்ததுதான் வினையாகப் போயிற்று. உத்தரவை மீறி இடத்தைவிட்டுப் போனவன் என்றால் உன் பெட்டிக்குக் கொடி போர்த்தமுடியாது. உடல் பாலத்துக்குப் பக்கத்தில்தானே ஒதுங்கியிருக்கிறது? ஆகவே காவல் நின்ற இடத்திலேயே அலை உன்னை அடித்துக்கொண்டு போயிற்று என்று முடிவு செய்தார்கள். ஊர் முழுக்க உண்மை தெரியும். உன் மனைவி மதலேனுக்கும் தெரியும். ஆனால் கொடி வந்தது, எக்காளம் வந்தது, உன்னைக் கௌரவமாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்த நேரத்தில் அவள் வேறென்ன செய்வாள்?

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளன்றும் உன் கல்லறைக்கு முன்னால் அதே சடங்கு. போலீஸ் பெரியதிகாரி, கொமிசேர் என்று நீ நடுங்குவாயே அந்தப் பதவிக்காரர், பிரெஞ்சில் பேசுவார். நான் தமிழில் சொல்வேன். "தன் காவலிடத்தைவிட்டு ஓரடியும் நகராதவர்" என்று வருஷா வருஷம் என் வாயால் சொல்லவைத்தாய் பார், அதை நான் மறக்கமாட்டேன். பிறகு பாசிமணி வளையம் வைப்பார்கள். பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பும் ஊதாவுமாகக் கண்ணாடி மணிகளைக் கம்பியில் கோத்துப் பூமாலை மாதிரி செய்திருப்பார்கள். வாடாத மாலை. எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். கொமிசேர் வண்டியேறியதும் சேவகன் ஒருவன் வந்து அந்த வளையத்தைத் தூக்கித் துணியில் சுற்றி அலுவலகப் பீரோவில் வைக்கக் கொண்டுபோய்விடுவான். இறந்துபோன போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்த ஒரே வளையம்தான். இரவல் மாலை. என் குடையை இரவல் வாங்கிப் போனவனுக்குப் பொருத்தமானதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கிடையில் தேங்காய்த்திட்டுக்காரர்கள் செய்த காரியம் உனக்குத் தெரியுமா? உன்னைச் சாமியாக்கிவிட்டார்கள்! அகாலமாகச் செத்த வீரனைக் கும்பிடாமல் விட்டால் ஊருக்கு ஆகாதாம். மண்ணாங்கட்டியின் கூரைவீடு இருந்த இடத்தில் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசி, நீலச் சட்டையும் சிவப்புத் தொப்பியும் எழுதி உன்னை நிற்க வைத்துவிட்டார்கள். தொப்பி ஐயா என்று பெயர். பூசாரி யார்? மண்ணாங்கட்டிதான். நம் பங்குச் சாமியார் கோவிலில் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அரைமணி திட்டினார். ஞானஸ்நானம் பெற்றவனுக்குக் கோழி அறுக்கிறார்களே என்று. மதலேன் அதைக் கேட்டுவிட்டு நேரே போய்ச் சண்டை போட்டிருக்கிறாள்.

"எம் புருஷன் மூஞ்சியில மீசை இருந்திச்சா? தினம் செரைக்கிற மனுஷனுக்குக் காது வரிக்கும் மீசை வச்சிருக்கீங்களே!"

"மீசையில்லாத சாமிக்கு யாரு தாயி பயப்படுவா?" என்றானாம் மண்ணாங்கட்டி.

"சாராயத்த மோந்தாலே வாந்தி எடுப்பாரு, அவருக்குப் போயி அதப் படைக்கிற!"

"அப்ப அவரு வேலையில இருந்தாரு தாயி. இப்பதான் ஓய்வு."

அவள் அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள். நான் அந்தப் பக்கமே போனதில்லை, போகவும் மாட்டேன் என்றேன். உன்னைக் கல்லில் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து?

இப்போது இருக்கும் கொமிசேர் புதியவர். அவர் காதில் யாரோ போட்டுவிட்டான். சீருடைத் தொப்பியை ஒரு கல்லுக்குப் போட்டுச் சாராயம் ஊற்றுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. பாலத்தில் செத்தவனுக்குத் தேங்காய்த்திட்டில் எதற்கு நினைவுக்கல் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்களே. இடிக்கவேண்டும் என்று முடிவு செய்தார். பலவந்தமாக இடித்தால் கலகம் வரும் என்று யாரோ சொல்ல, விதவையே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஊர் அடங்கிவிடும் என்று திட்டம் போட்டார். நேற்றுக் கல்லறையில் எல்லோருக்கும் முன்னால் அவள் சொல்லவேண்டும். அதை நான் முன்கூட்டி அவளிடம் போய்ச் சொல்லவேண்டும். மொழிபெயர்ப்பாளனுக்கு இதெல்லாம் வேலையா? போனேன். போகாமல் என்ன செய்வது?

மதலேன் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே முறத்தை நிறுத்தினாள்.

"பாலத்துல செத்தாருன்னு நான் சொல்லிட்டா?"

"கல்லை இடிச்சிடுவாங்க. கொடி, மரியாதை எல்லாம் அப்படியே இருக்கும்."

"சொல்லலன்னா?"

"உத்தரவ மீறிப் போனவன்னு ஆயிடும். அடுத்த வருஷம் கொடி வராது. எக்காளம் வராது. கல்லறையில ஒன்னத் தவிர யாரும் வந்து நிக்கமாட்டாங்க."

"நீங்க வரமாட்டீங்களாண்ணே?" என்றாள்.

இந்தக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

நேற்று மழை விட்டுவிட்டுப் பெய்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி அணைவதும் ஏற்றுவதுமாக இருந்தது. உன் கல்லறையைச் சுண்ணாம்பு அடித்துச் சாமந்திப்பூ போட்டு வைத்திருந்தாள். கொடி, வரிசையாகச் சிவப்புத் தொப்பிகள், எக்காளம். எந்த வருஷமும் எட்டிப் பார்க்காத தேங்காய்த்திட்டு ஜனம் நேற்று வாசல் சுவரை ஒட்டிக் கூட்டமாக நின்றது. மண்ணாங்கட்டி குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு முன்னால் நின்றான். குடிக்காமல் இருந்தான். அவனை அப்படிப் பார்க்க எனக்கு அடையாளமே தெரியவில்லை.

கொமிசேர் பேசினார். நான் சொன்னேன். "ஓரடியும் நகராதவர்" என்று நான் சொல்லி முடிக்கும்போது வாசல் பக்கமிருந்து ஒரு பெண்பிள்ளைக் குரல், "அப்ப எங்க ஆத்தாவத் தோளுல தூக்கிகினு வந்தது யாராம்?" என்றது. கொமிசேர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, மழை என்கிறார்கள் என்றேன். அவர் மதலேன் பக்கம் திரும்பி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் கணவர் எங்கே உயிர் விட்டார் என்பதை நீங்களே இந்த ஜனங்களுக்குச் சொல்லிவிடுங்கள் அம்மா, என்று.

நான் அதைத் தமிழில் சொன்னேன். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கொடியைப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"அண்ணே, அந்தாள உள்ள வரச் சொல்லுங்க."

மண்ணாங்கட்டி தயங்கித் தயங்கி வந்து, கல்லறைக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றான்.

"எம் புருஷன் கடைசியா ஒன்னாண்ட என்னா சொன்னாரு? இத்தினி வருஷமா நானும் கேக்கறேன், நீயும் மழுப்புற. இன்னிக்குச் சொல்லு."

"அத எப்படி தாயி ஒங்ககிட்ட சொல்றது. கோயிலு எடம்."

"சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் கூரை மேல குந்தியிருந்தேன். பானை உள்ள மாட்டிகிச்சு, அத வுட்டுட்டு வரமாட்டேன்னேன். ஐயா குடக் கொம்ப எங் கழுத்துல மாட்டி இழுத்தாரு. 'எறங்குடா குடிகாரத் தடிமாடே! நீ செத்துட்டா நான் யாரடா புடிக்கிறது? என் வேல போயிடும்டா'ன்னாரு. தோணியில எடமில்ல தாயி. என்ன அதுல தள்ளி வுட்டுட்டு அவரு கூரையில ஏறி ஒக்காந்துகிட்டாரு. 'நான் இங்கயே இருக்கேன், இவன எறக்கிட்டு வா'ன்னு தோணிக்காரங்கிட்ட சொன்னாரு. 'பானை மேல கைய வச்ச, திரும்பி வந்து ஒதைப்பேன்'னு என்னாண்ட கத்தினாரு. நாங்க மேட்டத் தொடறதுக்குள்ள கூரை போயிடிச்சு."

மழை தூறியது. மதலேன் முக்காட்டுக்குள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா! கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"அவருதான். தடிமாடுன்னாரா? அவரேதான்" என்றாள். "இத்தினி வருஷமா இங்க வந்து நின்னு கேக்கறேன். இவங்க சொல்றவரு யாருன்னே எனக்குத் தெரியலண்ணே. இப்பதான் எம் புருஷன் பேசறாரு." பிறகு நிமிர்ந்து, "எம் புருஷன் தேங்காய்த்திட்டுலதான் செத்தாரு. மண்ணாங்கட்டி சொன்னது மொத்தமும் தொரைகிட்ட சொல்லுங்க. ஒண்ணு வுடாம" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னேன். தடிமாட்டுக்குப் பிரெஞ்சில் நல்ல சொல் தேடி எடுத்துச் சொன்னேன். என் இத்தனை வருஷச் சேவகத்தில் நான் செய்த நல்ல மொழிபெயர்ப்பு அதுதான். அதற்கு எனக்கு ஒரு பதவி உயர்வும் கிடைக்காது. குடை என்று வந்த இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியிருந்தது. சாரல், ஈரம். கொமிசேர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, அம்மையாருக்குத் தான் சொல்வதன் விளைவு தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

"கொடிய எடுத்துக்கச் சொல்லுங்க. இத நான் எடுத்துக்கறேன்" என்றாள். கல்லறை மேலிருந்த பாசிமணி வளையத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். சேவகன் பதறிக்கொண்டு வந்தான்.

"யம்மா, யம்மா! அது ஆபீசு சாமாங்க!"

"ஆபீசுல யாருப்பா செத்தா?" என்று கேட்டுவிட்டு அவள் நடந்தாள்.

கொமிசேர் என்னைப் பார்த்தார். போய் அதை வாங்கி வா என்றார். இதுவும் மொழிபெயர்ப்பில் சேர்த்தி போலிருக்கிறது! அவள் தேங்காய்த்திட்டு ஜனத்தோடு முன்னால் போக, நான் சேற்றில் பின்னால் போனேன். போகமாட்டேன் என்று நான் சபதம் செய்திருந்த இடத்துக்கு.

உன்னைப் பார்த்தேன். என்ன சொல்ல? என் இடுப்பு உயரம்கூட இல்லை. உன் உயரத்துக்கு அதுதான் தண்டனை. மீசை காதைத் தாண்டிப் போகிறது. கண்ணை முழித்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி நிற்கிறாய். நீ வாழ்க்கையில் அப்படி ஒரு நாளாவது நின்றதுண்டா? வேலை முடித்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர் உனக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் சுருட்டைப் பின்னால் மறைத்தார்கள். கல்லை இடிக்க உத்தரவு வந்தால் அனுப்பப்போவது இவர்களைத்தான்.

"நாங்க வரமாட்டோங்க" என்றான் ஒருவன். "எனக்கு இடிக்கிற அன்னிக்கு ஜொரம்."

"அன்னிக்கு வரப்போற ஜுரம் இன்னிக்கே தெரியுமா?"

"தெரியுதுங்க. இவனுக்கும் வருங்க. எங்க ஆளுங்க எல்லாருக்குமே வரும்போலதான் இருக்குது."

மதலேன் உன் கழுத்தில் வளையத்தை மாட்டினாள். உனக்கு அது பெரிது, தோளைத் தாண்டி இறங்கிவிட்டது. கும்பிடவில்லை. நின்றபடியே செபமாலையை உருட்டி முடித்தாள். பிறகு மண்ணாங்கட்டியிடம் பேரம் தொடங்கினாள்.

"அந்த மீசைய அழிச்சிடு."

"பாதியாக் கொறச்சிடறேன் தாயி. முழுசும் எடுத்தா ஊரு ஒத்துக்காது."

"சாராயம் வேணாம். கடுங்காப்பி வை."

"காப்பி வைக்கிறேன். ஆனா அவருக்குச் சாராயம் வைக்கலன்னா, மிச்சம் எனக்கு எங்கேருந்து வரும்?" என்று சொல்லிக்கொண்டே கையிலிருந்த சீசாவை உன் காலடியில் சாய்த்தான். பாதி என் கோட்டில் தெறித்தது. துடைக்கக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் மேலே பார்த்தேன்.

உன் தலைக்கு மேலே ஒரு கழி நட்டு அதில் என் குடையைக் கட்டியிருந்தார்கள்.

ஒரு கம்பி ஒடிந்திருக்கிறது. கிழிந்த இடத்தில் பாய்த்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள். கறுப்பு வெளுத்து எலி நிறமாகிவிட்டது. ஆனால் கொம்பு அப்படியே இருக்கிறது. அந்த வளைவை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

"இது என் குடை" என்றேன்.

மண்ணாங்கட்டி என்னையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒங்களுதுங்களா கோர்ட்டு ஐயா? எங் கழுத்துல மாட்டிகிட்டே கரைக்கு வந்திச்சுங்க. மழையில தொப்பி செவப்பு ஓடுது, வருஷத்துக்கு ரெண்டு தடவ பூச வேண்டியிருக்குது. அதான் புடிச்சு வச்சேன். ஒங்களுதுன்னா எடுத்துக்குங்க" என்று கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தான்.

கொடுத்துவிட்டான்! கேட்டதும் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு மழையிலும் நான் உன்னைத் திட்டிக்கொண்டே நனைந்தேனே, அத்தனைக்கும் முடிவு வந்துவிட்டது. மதலேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு போலீஸ்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடை என் கையில் இருந்தது. மழை வலுத்தது. உன் தொப்பியிலிருந்து சிவப்பு ஒரு கோடாக இறங்கி நெற்றிக்கு வந்தது. பிறகு புருவத்துக்கு வந்தது. உனக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, முழித்துக்கொண்டு நின்றாய்.

"கட்டுடா, கட்டு" என்று மண்ணாங்கட்டியைத் திட்டினேன். "சாயம் போகுது, பார்த்துக்கிட்டு நிக்கிறியே!"

அவன் கட்டினான். கட்டியது சரியில்லை. நானே அவிழ்த்து, காற்றடிக்கும் பக்கம் சாய்த்து, இறுக்கிக் கட்டினேன். வளையத்தை வாங்க வந்தேன் என்பதே அப்போது நினைவில்லை. நினைவு வந்தபோது பாதி வழி வந்திருந்தேன். திரும்பிப் போகவில்லை.

நாளைக்குக் கொமிசேர் கேட்பார். சொல்லவேண்டியதை நல்ல பிரெஞ்சில் யோசித்து வைத்திருக்கிறேன். இடிக்க ஆள் அனுப்பினால் அத்தனை பேருக்கும் ஜுரம் என்று வரும். அதையும் நான்தான் மொழிபெயர்க்கவேண்டும். அடுத்த கல்லறைத் திருநாளுக்குக் கொடி வராது. மதலேன் மட்டும் நிற்பாள். நான் வரமாட்டேனா என்று அவள் கேட்டதற்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் போய் நின்றால் அது உனக்காக அல்ல, அந்தப் பெண் தனியாக நிற்கக்கூடாது என்பதற்காக. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

காலையிலிருந்து தும்மிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி கஷாயம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்தத் தடவையாவது ஒரு குடை வாங்கித் தொலைங்களேன், கடைத்தெருவுல இல்லாததா?" என்றாள்.

"எனக்குத்தான் குடை இருக்கே" என்றேன். "ஒருத்தன்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்."